திரும்புகிற வண்டிக்கு உன்னைத் தெரியாது

கண்ணு, வண்டி வாங்கிவிட்டாய். எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. திங்கட்கிழமை முதல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. செங்குன்றம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை என்று தேசிய நெடுஞ்சாலை 16-இல் தினமும் போய்வரப் போகிறாய். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இன்னமும் ஜி.என்.டி. ரோடுதான்.

வண்டி ஓட்ட நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கியரும் கிளட்சும் என்னைவிட உனக்கு நன்றாக வரும். நான் சொல்ல வருவது உனக்கு முன்னால் திரும்புகிற வண்டியைப் பற்றி மட்டும். ஆலை வேலைக்குப் போய்வந்த காலம் முழுக்க இந்த ரோட்டில் நான் பார்த்த விபத்துகளில், நேரே போன பைக்கும் குறுக்கே திரும்பிய வண்டியும் மோதியவைதான் அதிகம். அத்தனையிலும் ஒரே வசனம்: “சத்தியமா பார்க்கல சார்.”

1. அந்த வசனத்தை நம்பு. இளமையில் நாங்கள் நம்பவில்லை. இவ்வளவு பெரிய ஆள், இவ்வளவு சத்தம் போடும் வண்டி, எப்படித் தெரியாமல் போகும் என்று டீக்கடை பெஞ்சில் சண்டை போடுவோம். விவரம் பிறகுதான் தெரிந்தது. திரும்பக் காத்திருக்கும் டிரைவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்க்கிறான். அப்போது கண் சீராக நகர்வதில்லை, தாவித் தாவிப் போகிறது. தாவுகிற கணத்தில் அது எதையும் வாங்கிக்கொள்வதில்லை. விட்டுப்போன துண்டை மூளையே நிரப்பிக்கொள்கிறது. அந்தத் துண்டுக்குள் பஸ் அடங்காது, நீ அடங்கிவிடுவாய். போதாததற்கு அவன் மனசு லாரியையும் பஸ்ஸையும்தான் தேடுகிறது, தன்னை நசுக்கக்கூடியவை அவைதான் என்பதால். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிற தூண் இருக்கிறதே, தூரத்தில் வருகிற ஒரு பைக்கை முழுசாக மறைக்க அதுவே போதும்.

இன்னொன்றும் உண்டு. நேராக அவனை நோக்கி வருகிற பைக், அவன் பார்வையில் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி ஒரே இடத்தில் இருக்கும். நகர்வதாகவே தோன்றாது. அதன் உருவம் மெதுவாகத்தான் பெரிதாகும், கிட்டே வந்ததும் திடீரென்று பூதாகாரமாகிவிடும். சின்னதாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது, மெதுவாக வருகிறது என்பது மனிதக் கண்ணின் பழைய கணக்கு. அதனால் உன்னைப் பார்த்தவன்கூட “நேரம் இருக்கு” என்று திரும்பிவிடுகிறான். இதில் எதுவும் அவன் கெட்டவன் என்பதால் நடப்பதில்லை. எதிரே இருப்பவன் திமிர் பிடித்தவன் என்று நினைத்தால் உனக்குக் கோபம் வரும். அவனுக்கு நீ தெரியவில்லை என்று நினைத்தால் கை தானாகப் பிரேக்குக்குப் போகும்.

2. ‘ரைட்’ யாருக்கு என்ற கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. நேரே வருகிறவனுக்குத் திரும்புகிறவன் வழிவிட வேண்டும். சட்டம் அதுதான், எனக்கும் தெரியும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஹாரி ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் விபத்து நடந்த இடத்துக்கே போய் 900-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார்கள். நாலில் மூன்று பங்கு விபத்து வேறொரு வண்டியோடு மோதியது. அப்படி மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அந்த இன்னொரு வண்டிக்காரன் வழிவிடாததால் வந்தது. ஆக நியாயம் நம் பக்கம்தான், ஆனால் எலும்பும் நம்முடையதுதான்.

எங்கள் ரோலிங் மில்லில் என்னோடு வேலை பார்த்த ஒருவன் கவரைப்பேட்டை தாண்டி இப்படித்தான் அடிபட்டான். கார் திரும்புவது தெரிந்தது, “அவன்தானே நிற்கணும்” என்று ஹாரனில் வைத்த கட்டைவிரலை எடுக்கவில்லை, ஆக்ஸிலேட்டரையும் விடவில்லை. கார்க்காரன் மேல்தான் தப்பு என்று தீர்ப்பாயமும் சொன்னது. வருஷக்கணக்கில் இழுத்து நஷ்டஈடும் வந்தது. ஆனால் தொடைக்குள் கம்பி. கல்யாண வீட்டில் பந்தி போட்டால் அவனுக்கு மட்டும் நாற்காலி தேடுவார்கள், சம்மணம் போட முடியாது. வழி என்பது மற்றவன் கொடுத்தால் கிடைப்பது. நீயாகப் பிடுங்கிக்கொள்ள முடியாது.

3. லாரிக்குப் பின்னால் ஒளியாதே. இந்த ரோட்டில் இதுதான் முதல் எமன், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். காலையில் எதிர்க்காற்று அடிக்கும். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால் போனால் காற்றுத் தெரியாது, வண்டி இழுத்த இழுப்புக்குப் போகும், பெட்ரோலும் மிச்சம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் சென்டர் மீடியன் கேப்பில் ஒரு கார் யூ-டர்ன் அடிக்கக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள். அவன் நெடுநேரமாக நிற்கிறான், பின்னால் இன்னொருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது டிரெய்லர் மட்டும். “இது போகட்டும், அப்புறம் காலி” என்று கிளட்சில் காலை வைத்துத் தயாராக இருக்கிறான். டிரெய்லரின் கடைசி சக்கரம் தாண்டியதும் எடுக்கிறான். அந்தக் காலியிடத்தில்தான் நீ இருக்கிறாய்.

அவன் இடத்தில் யார் இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அதனால் பெரிய வண்டிக்குப் பின்னால் போக நேர்ந்தால் நன்றாகப் பின்தங்கு. லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரிய வேண்டும், எதிர்ப்பக்க கேப்பில் நிற்பவனுக்கும் லாரிக்குப் பின்னால் தனியாக ஒரு வெளிச்சம் தெரிய வேண்டும். நீ விட்ட இடைவெளியில் நாலு பேர் வந்து நுழைவார்கள், நுழையட்டும். மறுபடியும் பின்தங்கு. அது தோற்றுப்போவதாகத்தான் தோன்றும், எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோன்றியது.

கேப்பில் வண்டி நிற்பது தூரத்திலேயே தெரிந்துவிட்டால், பின்னாலும் பக்கத்திலும் ஆள் இல்லையா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உன் லேனுக்குள்ளேயே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாக ஒருமுறை நகர்ந்து வா. சாகசம் காட்டச் சொல்லவில்லை. ஒரே இடத்தில் இருக்கிற வெளிச்சத்தைக் கவனிக்காத கண், பக்கவாட்டில் அசைகிற வெளிச்சத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

4. முகத்தைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார். “டிரைவர் என்னைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தான், அப்புறமும் திரும்பினான்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் உன் பக்கம் இருந்தது என்பதற்காக மனசும் உன்னிடம் இருந்தது என்று பொருளில்லை. சக்கரம் பொய் சொல்லாது. வண்டியின் உடம்பு அசைவது கண்ணில் படுவதற்கு முன்னால் டயர் உருள்வது தெரிந்துவிடும், சக்கரத்து நட்டுகள் நகர்வது தெரிந்துவிடும். ராத்திரியில் அது தெரியாது. அப்போது அவன் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழும் இடத்தைக் கவனி. அது உன் பக்கம் மெல்ல வழிய ஆரம்பித்தால் அவன் எடுத்துவிட்டான்.

5. உன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பழைய டேங்கர் டிரைவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். வெயில் முகத்தில் அடித்தால் நமக்குக் கண் கூசும், நாமே ஜாக்கிரதையாகிவிடுவோம். வெயில் முதுகில் அடிக்கும்போதுதான் சுகமாக இருக்கும், ரோடு கண்ணாடியாகத் தெரியும். ஆனால் எதிரே வருகிறவன் அந்த நேரம் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உன் நிழல் உனக்கு முன்னால் நீண்டு அவனைக் காட்டினால், அவனுக்கு நீ இல்லை.

செங்குன்றத்திலிருந்து தாமரைப்பாக்கம் வழியாகத் திருவள்ளூருக்குப் போகிற சாலையை எடுத்துக்கொள். காலையில் மேற்கே போகிறாய், சூரியன் முதுகில். சாயங்காலம் கிழக்கே திரும்புகிறாய், மறுபடியும் முதுகில். காக்களூர் தொழிற்பேட்டைக்கு அந்த வழியாகப் போய்வருகிற பிள்ளைகளுக்கு வருஷம் பூராவும் கண் கூசாத பயணம். எதிரே வந்து குறுக்கே திரும்புகிறவனுக்குத்தான் ரெண்டு வேளையும் கண் கூசுகிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நீயாவது யோசி.

6. இடது பக்கம் திறக்கிற சந்தை நம்பாதே. நீளமான டிரெய்லர் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலது பக்கம் ஒதுங்கும். ஒதுங்கவில்லையென்றால் பின்சக்கரங்கள் மூலையை வெட்டி நடைபாதையில் ஏறிவிடும். அது வலப்பக்கம் ஒதுங்கியதும் இடப்பக்கம் பைக் தாராளமாகப் போகிற அகலத்துக்கு ஒரு வழி திறக்கும், “வா வா” என்று கூப்பிடும். போனால் முன்பக்கம் கேபின் உன் மேல் மடங்கி வரும், பின்னால் சக்கர வரிசை உள்வாங்கி வரும், நடுவில் நீ. டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான், இடது பக்கக் கதவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. எஃகுச் சுருள் ஏற்றிய வண்டியாக இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. சிப்காட் உள்சாலை முனைகளில் இதைத் தினமும் பார்ப்பாய். லாரியின் பின்னாலேயே நில், அது முழுசாகத் திரும்பி முடிக்கட்டும். உன் பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் உயிர் போகிற மாதிரி ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்.

7. இண்டிகேட்டரை அரைகுறையாக நம்பு. நம் ஊரில் முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ரெண்டு அர்த்தம். ஒன்று, நான் வலது பக்கம் திரும்புகிறேன். இன்னொன்று, எதிரே வண்டி இல்லை, நீ என்னை ஓவர்டேக் பண்ணு. எந்த அர்த்தம் என்று தெரியாமல் வலது பக்கம் ஏறியவர்கள் பலர். முன்னால் கேப்போ, பங்கோ, கல்குவாரிப் பாதையோ இருந்தால் முதல் அர்த்தம்தான் என்று வைத்துக்கொள். கிளீனர் கை நீட்டினாலும் அதே கணக்கு. எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை அணைத்து எரித்தால் “நீ வா” என்று எடுத்துக்கொள்ளாதே. இங்கே பெரும்பாலும் அதற்கு “நான் வர்றேன், நில்லு” என்றுதான் பொருள்.

உன் இண்டிகேட்டரையும் கவனி. திரும்பிய பிறகு அணைக்க மறந்து, அது கண்சிமிட்டிக்கொண்டே இருக்க, நேரே போய்க்கொண்டிருப்பாய். பக்கத்துச் சாலையில் நிற்பவன் நீ திரும்பப் போகிறாய் என்று நினைத்து வண்டியை எடுப்பான். அப்போது “பார்க்கல” என்று அவன் சொல்ல மாட்டான், உன்னைப் பார்த்ததால்தான் எடுத்தான்.

8. தெரியும்படி உடுத்து. நம் யூனிபார்ம் எல்லாம் கருநீலம், சாம்பல், காக்கி. அழுக்குத் தெரியக் கூடாது என்று யாரோ யோசித்து வைத்தது, அதோடு ஆளும் தெரியாமல் போகிறான். ஆலைக்குள்ளே பளபளக்கும் பட்டை வைத்த ஜாக்கெட் கொடுக்கிறார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் மாட்டி, வெளியே வரும்போது கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வருகிறோம். உள்ளே மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஃபோர்க்லிஃப்ட் போகிறது, வெளியே எண்பதில் ஆம்னி பஸ் போகிறது. யோசித்தால் சிரிப்புத்தான் வரும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓர் ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். பளிச்சிடும் அல்லது ஒளி திருப்பும் உடுப்பு போட்டவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலில் ஹெட்லைட் எரிந்தால் 27 சதவீதம் குறைவு. வெள்ளை ஹெல்மெட்டும் கறுப்பு ஹெல்மெட்டும் ஒரே விலைதான், கண்ணு. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு. மழைக்கோட்டு வாங்கும்போதும் கறுப்பை விடு. ஐப்பசி மழையில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

2017 ஏப்ரல் 1 முதல் வந்த இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரியும். பேட்டரி போகிறது, பல்பு போகிறது என்று மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுவிட்ச் வைத்து அணைத்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. நீ அதைச் செய்யாதே. வாரத்துக்கு ஒருமுறை ஹெட்லைட் கண்ணாடியைத் துணியால் துடை. உருக்காலைத் தூசியும் டிப்பர் லாரி எம்-சாண்டும் சேர்ந்து அதன் மேல் ஒரு படலம் கட்டும். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. ஆனால் இதையெல்லாம் செய்துவிட்டோம், இனி எல்லோரும் நம்மைப் பார்த்துவிடுவார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. மஞ்சள் பெயின்ட் அடித்த ஜேசிபியில் போய் இடித்தவனையும் எனக்குத் தெரியும்.

9. அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் இருபதுதான் என்று நினைக்காதே. மணிக்கு 60 என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர், 80 என்றால் 22 மீட்டர். காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், சுதாரிக்க ஒரு நொடி என்று கணக்குப் போட்டுப் பார். அறுபதில் வந்தவன் நாற்பது மீட்டருக்குள் நின்றுவிடுவான். எண்பதில் வந்தவன் அதே இடத்தைத் தாண்டும்போது அவன் வண்டி இன்னும் அறுபதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவன் நிற்கிற இடத்தில் இன்னொருவன் அறுபதில் மோதுகிறான். இதைச் சுண்ணாம்புக்கட்டியால் ஆலைத் தரையில் எழுதிக்காட்டி, பயிற்சிக்கு வந்த பையன்களிடம் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். கணக்கு புரியாதவன் எவனும் இல்லை, புரிந்ததால் வேகத்தைக் குறைத்தவர்கள்தான் குறைவு.

அந்த ஹர்ட் அறிக்கையில் இன்னும் மூன்று விஷயம் உண்டு. ஆபத்து தெரிந்ததிலிருந்து மோதும் வரை சாதாரணமாகக் கிடைப்பது ரெண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் பின்பிரேக்கை மிதித்துச் சறுக்குகிறார்கள், முன்பிரேக்கை வேண்டிய அளவு பிடிப்பதில்லை. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேல் அந்த வண்டியை ஐந்து மாதம்கூட ஓட்டாதவர்கள். கடைசியில் சொன்னது உன்னைப் பற்றி. 2019 ஏப்ரலில் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ்ஸும் அதற்குக் கீழே ரெண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயமாயின. அவை உதவும். ஆனால் விரல் பிரேக் லீவரின் மேல் இருந்தால்தான் உதவும். கேப் வருகிறது, கூட்டுச்சாலை வருகிறது என்றால் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி ரெண்டு விரலை லீவரில் போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பிரேக் பிடித்துப் பழகு. அக்கம்பக்கத்தில் பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள்.

10. நாளும் கிழமையும் தெரிந்து ஓட்டு. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலுக்குக் கார்கள் வரிசை கட்டும். சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள், பாவம், வழி தெரியாது. ஒரு கண் போன் மேப்பில், ஒரு கண் பெயர்ப்பலகையில். திரும்பும் இடம் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். ஆடி மாத ஞாயிறுகளில் பெரியபாளையத்துக்கு வேன்கள், அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குக் கூட்டம். அந்த நாட்களில் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பு.

ஷிஃப்டு மாறும் நேரம் வேறு விதம். காலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து. இரவு முழுக்க உலைப் பக்கம் நின்றவன் வீட்டுக்குப் போகிறான், அவசரமாக உள்ளே போகிறவன் எதிரே வருகிறான், ரெண்டு பேரையும் ஏற்றி இறக்குகிற கம்பெனி பஸ் நடுவில் திரும்புகிறது. சி-ஷிஃப்டு முடித்த காலையில் உன் கண்ணையே நீ நம்பக் கூடாது. அவன் உன்னைப் பார்க்காதது ஒருபுறம், நீயே அவனைப் பார்க்காமல் போகும் நேரம் அது. தூக்கம் அழுத்தினால் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கிறது, வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு ஏறிக்கொள். யாரும் உன்னைக் கேலி செய்ய மாட்டார்கள். செய்தாலும் என்ன?

11. தப்பித்த பிறகு துரத்தாதே. மயிரிழையில் தப்பியதும் உடம்பெல்லாம் நடுங்கும், அடுத்த நொடி ரத்தம் தலைக்கு ஏறும். காரை விரட்டிப்போய் கண்ணாடியைத் தட்டி ரெண்டு வார்த்தை கேட்க வேண்டும்போல இருக்கும். நானும் ஒருமுறை விரட்டியிருக்கிறேன். கண்ணாடியை இறக்கினது என் அப்பா வயசு மனிதர், நான் எதற்குக் கத்துகிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. அவரைப் பொறுத்தவரை ரோட்டில் எதுவுமே நடக்கவில்லை. விரட்டிப்போன வேகத்தில் வழியில் எத்தனை கேப்பைத் தாண்டினேன் என்று எனக்கும் நினைவில்லை. அப்படி ஒன்று நடந்தால் ஓரமாக நிறுத்து, தண்ணீர் குடி, ஹெல்மெட்டைக் கழற்றிக் காற்று வாங்கு. ஆத்திரத்தில் ஓட்டுகிறவனுக்கும் எதிரே இருப்பது தெரியாது.

12. விழுந்தவனுக்காக நில், திரும்பியவனுக்காகவும் நில். 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஆகவே என்றாவது ஒருநாள் உன் கண்ணெதிரே ஒருவன் விழுவான். முதலில் 108. அவன் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதே, கழுத்தை அசைக்காதே, பின்னால் வருகிற வண்டிகளை ஒதுங்கிப் போகச் சொல். உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். உதவுகிறவனைக் காப்பாற்ற 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பிரிவு சேர்த்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பணம் எங்கே என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அதற்குள் கூட்டம் சேர்ந்து டிரைவரின் சட்டையைப் பிடித்திருக்கும். அடி விழும் என்ற பயத்தில்தான் பலர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகக் கிடைத்த ஒரே வண்டியும் அப்படியே நிற்கும். அவனை அடிக்க விடாதே. அவன் கை நடுங்குவதைப் பார்த்தால் உனக்கே புரியும். “சத்தியமா பார்க்கல” என்று அவன் சொல்வதை அந்தக் கூட்டத்தில் நம்புகிற ஒரே ஆள் நீயாக இருப்பாய்.

13. இதுவரை சொன்னதெல்லாம் நேரே போகிற உன்னைப் பற்றி. நீயும் திரும்புவாய். அப்போது உன் கண்ணும் தாவித் தாவித்தான் போகும், உனக்கும் பஸ் தெரியும், சின்னது தெரியாது. ஒரு பக்கம் பார், ஒரு கணம் கண்ணை அங்கேயே நிறுத்து, மறு பக்கம் பார், மறுபடியும் முதல் பக்கம் பார். பைக் வந்தால் “பைக்” என்று வாய்விட்டுச் சொல். வேடிக்கையாக இருக்கும். ஆனால் வாயால் சொன்னதைத் தலையைத் திருப்பியதும் மனசு மறக்காது, சொல்லாததை மறந்துவிடும்.

ராங் சைடில் மட்டும் போகாதே. கம்பெனி கேட் எதிர்ப்பக்கத்தில் கண்ணுக்கு நேரே தெரியும், யூ-டர்ன் எங்கோ தள்ளி இருக்கும். எல்லோரும் ஓரமாக எதிர்த்திசையில் ஏறிப்போவார்கள், உன்னையும் கூப்பிடுவார்கள். பக்கத்துச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுகிற டிரைவர் வலது பக்கம் மட்டும்தான் பார்ப்பான், வண்டி வர வேண்டிய பக்கம் அதுதான். இடது பக்கத்திலிருந்து நீ வருவாய் என்று அவன் கனவிலும் நினைக்க மாட்டான், அங்கே நியாயமும் உன் பக்கம் கிடையாது. சுற்றிப் போய்த் திரும்பி வா. பஞ்ச் அடிக்கத் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பேன் என்று சூப்பர்வைசர் மிரட்டுவார். பிடிக்கட்டும், அந்த அரை நாள் சம்பளத்தை என்னிடம் வந்து வாங்கிக்கொள்.